யார் பேரில் பற்று எழுதுவது?

1987-ல் தீபாவளி அக்டோபர் 21, புதன்கிழமை வந்தது. அன்று சாயங்காலம் யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குள் இந்திய ராணுவம் நுழைந்தது. உள்ளேயிருந்து விடுதலைப் புலிகள் சுட்டார்கள், பதிலுக்குத்தான் சுட்டோம் என்பது ராணுவத்தின் தரப்பு. மறுநாள் முடிவதற்குள் டாக்டர்கள், நர்சுகள், நோயாளிகள் என்று அறுபது பேருக்கு மேல் செத்துக் கிடந்தார்கள். சரணடைகிறோம், சுடாதீர்கள் என்று கையைத் தூக்கியபடி நர்சுகளோடு வராந்தாவில் நடந்து வந்த குழந்தை மருத்துவர் சிவபாதசுந்தரமும் அதில் ஒருவர்.

சிவகாசியில் இது யார் காதுக்கும் எட்டவில்லை. தீபாவளியன்று சிவகாசிக்காரனுக்கு எதுவுமே எட்டாது. வருஷம் பூராவும் உழைத்த அலுப்பில் ஊர் தூங்கும். முதலாளிமார் வெளியூர் பாக்கியை நினைத்துத் தூங்காமல் கிடப்பார்கள். நான் ஒரு பயராபீஸில், அதாவது பட்டாசு ஆலையில், கணக்கப்பிள்ளையாகச் சேர்ந்த புதிது. யாழ்ப்பாணம் விழப்போகிறது என்று பேப்பரில் போட்டிருந்தது. அதற்கு மேல் யாரும் விசாரிக்கவில்லை.

இப்போது உக்ரைன், காசா, ஈரான் என்று டிவியில் ஒன்று மாற்றி ஒன்று ஓடுகிறது. ஒரு நாட்டுக்குள் இன்னொரு நாட்டுப் படை போகலாமா, போனால் என்ன ஆகும் என்று டீக்கடையிலும் பேச்சு, பட்டிமன்றத்திலும் பேச்சு. அமெரிக்காக்காரனைத் திட்டிவிட்டு எல்லோரும் கிளாஸைக் கீழே வைத்துவிடுகிறார்கள். நம் சொந்தக் கணக்கு ஒன்று கிடக்கிறது. அதை நான் எடுத்துப் பேசினால், ‘அது முடிந்துபோன கதை அண்ணாச்சி’ என்கிறார்கள். என் தொழில் புத்திக்கு, நேராகாத கணக்கை மூடக் கூடாது.

டெல்லி எழுதிவைத்திருக்கும் கணக்கு இது. இந்திய அமைதிப் படை 1987 ஜூலைக் கடைசியில் இலங்கைக்குப் போனது; கடைசிக் கப்பல் திருகோணமலையை விட்டுப் புறப்பட்டது 1990 மார்ச் 24. உச்சத்தில் எண்பதாயிரம் பேர் வரை அங்கே இருந்தார்கள். இறந்த வீரர்கள் 1,100-க்கு மேல், காயம்பட்டவர்கள் 3,000 அளவில், செலவு 1,000 கோடி ரூபாய்க்கு மேல். அந்தக் காலத்து ஆயிரம் கோடி. இதில் நம் ஆள், நம் பணம் மட்டும்தான் ஏறியிருக்கிறது. பெரியாஸ்பத்திரி இதில் இல்லை. 1989 ஆகஸ்டில் ஆறு சிப்பாய்கள் கொல்லப்பட்டதற்குப் பதிலாக வல்வெட்டித்துறையில் கொல்லப்பட்ட ஐம்பதுக்கும் மேற்பட்ட ஊர்க்காரர்களும் இதில் இல்லை.

போனது எப்படி? 1983 ஜூலையில் கொழும்பில் தமிழர்களை வீடுவீடாகத் தேடிக் கொன்றபோது தமிழ்நாடே கொதித்தது. கருணாநிதியும் அன்பழகனும் சட்டமன்ற உறுப்பினர் பதவியை விட்டு விலகினார்கள். வங்கதேசத்துக்கு அனுப்பியதைப்போல இலங்கைக்கும் படையை அனுப்பு என்று மேடைக்கு மேடை முழங்கினார்கள். அந்தக் கோஷத்தில் விருதுநகர், சாத்தூர், சிவகாசி எல்லாம் உண்டு. பிற்பாடு அதே வாய்தான் படையைத் திரும்பக் கூப்பிடு என்றது. இதைக் குத்திக்காட்டச் சொல்லவில்லை. ஆனால் பட்டிமன்றத்தில் இந்த முதல் பாதியை எந்த அணியும் தொடுவதில்லை.

இந்திரா காந்தி அரசு வெளிப்படையாகப் படை அனுப்பவில்லை. ரகசியமாகப் போராளி இளைஞர்களுக்கு ஆயுதப் பயிற்சி கொடுத்தது. சேலம் கொளத்தூரிலும், எங்களுக்குப் பக்கத்தில் திண்டுக்கல் சிறுமலையிலும் புலிகளின் முகாம் இருந்தது. 1987-ல் யாழ்ப்பாணத்தை இலங்கை ராணுவம் நெருக்கியபோது, ஜூன் 4-ம் தேதி இந்திய விமானங்கள் அங்கே வானத்திலிருந்து உணவு மூட்டைகளைப் போட்டன. கொழும்பு மிரண்டுபோனது. ஜூலை 29-ல் ராஜீவ் காந்தியும் இலங்கை ஜனாதிபதி ஜெயவர்த்தனாவும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்கள். மறுநாள் அணிவகுப்பு மரியாதையில் நின்ற இலங்கைக் கடற்படைச் சிப்பாய் ஒருவன் துப்பாக்கிக் கட்டையால் ராஜீவை அடித்தான். சிங்களவர் மனசு எப்படி இருந்தது என்பதற்கு அது போதும்.

சண்டை இலங்கை அரசுக்கும் புலிகளுக்கும். சமாதானத்தில் கையெழுத்து இலங்கை அரசும் இந்திய அரசும். புலிகளின் தலைவர் பிரபாகரனை டெல்லியில் அசோகா ஓட்டலில் உட்காரவைத்து ஒப்பந்தத்தைக் காட்டினார்கள். அவர் கையெழுத்துப் போடவில்லை, போடச் சொல்லி யாரும் கேட்கவும் இல்லை. கடன் வாங்கியவனை விட்டுவிட்டுப் பக்கத்து வீட்டுக்காரனிடம் பத்திரம் எழுதி வாங்கியதுபோல ஆயிற்று. ஒப்பந்தத்தோடு இரண்டு தலைவர்களும் கடிதங்கள் மாற்றிக்கொண்டார்கள். திருகோணமலைத் துறைமுகத்தை இந்தியாவுக்கு எதிரான ராணுவக் காரியத்துக்கு யாருக்கும் விடக் கூடாது, அங்குள்ள எண்ணெய்த் தாங்கிகளை இந்தியாவோடு சேர்ந்து சீர்செய்ய வேண்டும் என்றெல்லாம் அதில் இருக்கிறது. ஒரு நாடு தன் நலனைப் பார்ப்பதில் தப்பில்லை. ஆனால் அங்கே போன சிப்பாயிடம் இதையெல்லாம் யாரும் சொல்லி அனுப்பவில்லை.

அப்படிப் போன ஒருவர் பிற்பாடு எங்கள் ஆபீஸில் வாட்ச்மேனாக இருந்தார். சாத்தூர்ப் பக்கத்துக்காரர், ராணுவ லாரி டிரைவர், ஹவில்தாராக ஓய்வு பெற்றவர். எங்கள் பக்கத்தில் மாஜி ராணுவத்தாருக்கு மருந்துக் கிட்டங்கிக் காவல் வேலை சுலபமாகக் கிடைக்கும். காலையில் கேட்டில் நின்று ஒவ்வொருவரிடமும் தீப்பெட்டி, பீடி, செல்போன் இருக்கிறதா என்று பார்ப்பார். ஓர் அறையில் நாலு பேருக்கு மேல் வேலை செய்யக் கூடாது என்பது வெடிபொருள் விதி. அதில் போர்மேனை விடக் கறாராக இருப்பார்.

அதே ஆபீஸில் சரவெடி பின்னிய ஓர் அம்மா, மன்னாரிலிருந்து வந்தவர். விருதுநகர் மாவட்டத்தில் குல்லூர்சந்தை, அனுப்பங்குளம், வெம்பக்கோட்டை, செவலூர் என்று பல இடங்களில் இலங்கைத் தமிழர் முகாம் உண்டு. அங்கிருந்து பட்டாசு வேலைக்கு வருகிறவர்களும் உண்டு. முகாமில் ஆள் பார்த்துப் பணம் கொடுக்கிற நாளில் அவர்கள் வரமாட்டார்கள். வருகைப் பதிவேட்டில் அன்று அவர்கள் பேருக்கு நேரே ‘மு’ என்று போட்டுக்கொள்வேன். அந்த அம்மாவின் கை அத்தனை வேகம். நகக்கண் எல்லாம் அலுமினியப் பவுடர் அப்பியிருக்க, பேசிக்கொண்டே பின்னுவார். சனிக்கிழமை கூலி போடும்போது குரோஸ் கணக்கில் அவர் சொல்கிற எண்ணும் என் நோட்டில் இருக்கிற எண்ணும் ஒன்றாகவே இருக்கும்.

ஒருநாள் காலை கேட்டில் வாட்ச்மேன் அவருடைய தூக்குவாளியைத் திறந்து பார்த்தார்.

“அங்கேயும் நீங்கள்தான் சோதிச்சனீங்கள், இங்கேயும் நீங்கள்தானே அண்ணாச்சி” என்றார் அந்த அம்மா.

இவருக்குச் சுருக்கென்றிருக்கும். “நாங்க உங்களக் காப்பாத்தத்தான வந்தோம் தங்கச்சி.”

“வரேக்க மாலை போட்டுத்தானே கூப்பிட்டனாங்கள். ஆரிட்டயிருந்து காப்பாத்த வந்தனீங்கள் எண்டு கேட்டால் அப்ப ஒருத்தருக்கும் தெரியேல்லை.”

“எங்க மேஜருக்கே தெரியாது. எனக்கு எங்க தெரியும்?”

இரண்டு பேரும் சிரித்துவிட்டார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. முப்பது வருஷமாக நிபுணர்கள் புத்தகம் புத்தகமாக எழுதுவதும் இதைத்தான். முதலில் போன 54-வது டிவிஷனின் தளபதி ஹர்கிரத் சிங்கே பிற்பாடு எழுதிய புத்தகத்தில் டெல்லியின் குளறுபடிகளைக் கடிந்துகொண்டார். ஆயுதத்தை வாங்கிவைக்கப் போன படை, ஒப்பந்தத்துக்கு இரண்டரை மாதத்தில், அக்டோபர் 10-ம் தேதி, அந்த ஆயுதத்தோடு சண்டைக்கு நின்றது. நடுவில் புலிகளின் திலீபன் உண்ணாவிரதமிருந்து செப்டம்பர் 26-ல் இறந்தார். பிடிபட்ட புலிகளில் குமரப்பா, புலேந்திரன் உட்படப் பன்னிரண்டு பேர், கொழும்புக்குக் கொண்டுபோகவிருந்த நேரத்தில், அக்டோபர் 5-ல் சயனைடு கடித்துச் செத்தார்கள். அடுத்த வாரம் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஹெலிகாப்டரில் இறக்கப்பட்ட சீக்கியப் படைப்பிரிவினர் 30 பேரில் 29 பேர் அங்கேயே இறந்தார்கள், ஒருவர் பிடிபட்டார். புலிகள் காத்துக்கொண்டிருந்தார்கள்.

வாட்ச்மேன் கண்ணிவெடியில் தப்பியவர். வவுனியாவிலிருந்து சாமான் ஏற்றிப்போன வரிசையில் அவருக்கு முன்னால் போன லாரி வெடித்தது. பீப்பாயில் மருந்தை அடைத்து ரோட்டுக்கு அடியில் புதைத்து, தூரத்திலிருந்து வயரை இழுத்து வெடிக்கவைப்பது. “இங்க நாம கிராம் கணக்குல நிறுத்துப் போடுறோம், அங்க மூட்டைக் கணக்கு” என்பார். ஆனால் அவர் அதிகம் பேசியது வேறொன்றை. தமிழ் தெரிந்தவர் என்பதால் சுற்றிவளைப்பு நடக்கும்போது அவரைத்தான் வீட்டுக்குள் அனுப்புவார்கள். வீட்டில் எத்தனை பேர், பையன் எங்கே என்று கேட்க வேண்டும். கிழவிகள் அவருடைய தமிழைக் கேட்டதும், ‘நீயும் எங்கட பிள்ளைதானே ராசா’ என்று கையைப் பிடித்துக்கொள்வார்களாம். அதற்குப் பிறகுதான் பையனைத் திடலுக்குக் கூட்டிப்போக வேண்டும். திடலில் முகத்தை மூடிய தலையாட்டி, புலி யார் என்று காட்டிக்கொடுப்பவன், உட்கார்ந்திருப்பான்.

அந்த அம்மாவின் கணக்கு இன்னொரு விதம். அவருடைய தம்பியைப் பிடித்துப் போனது இலங்கை ராணுவம் இல்லை, புலிகளும் இல்லை. 1988 நவம்பரில் இந்தியப் படையின் காவலில் வடக்கு கிழக்கு மாகாணத் தேர்தல் நடந்து, ஈ.பி.ஆர்.எல்.எஃப். கட்சியின் வரதராஜப் பெருமாள் முதலமைச்சர் ஆனார். இந்தியா போன பிறகு இந்த அரசை யார் காப்பது? அதற்காக 1989-ல் தமிழ் தேசிய ராணுவம் என்று ஒன்றைக் கட்டினார்கள். ரோட்டில், பஸ்ஸில், டியூஷனிலிருந்து திரும்பும் வழியில் பையன்களைப் பிடித்து, தலையை மொட்டையடித்து, சில வாரம் பயிற்சி கொடுத்துத் துப்பாக்கியைக் கையில் கொடுத்தார்கள். இந்தியப் படை ஒவ்வோர் ஊராகக் காலி செய்ய, புலிகள் வந்து அந்த முகாம்களை அடித்து நொறுக்கினார்கள். அந்தப் பையன்களில் பலருக்குத் துப்பாக்கியைப் பிரித்துச் சேர்க்கக்கூடத் தெரியாது. தம்பியைப் பற்றி அந்த அம்மாவுக்கு இன்றுவரை தகவல் இல்லை. “ஆர் கொண்டவை எண்டு ஆரிட்டப் போய்க் கேக்கிறது?” என்றார். வெளிநாட்டுப் படை ஊரைவிட்டுப் போகும்போது, அதை நம்பி நின்றவர்கள் என்ன ஆகிறார்கள் என்பது எல்லா நாட்டுக் கணக்கிலும் விட்டுப்போகிற வரி. 2021-ல் காபூல் ஏர்போர்ட்டில் அமெரிக்க விமானத்துக்குப் பின்னால் ஓடிய கூட்டத்தை டிவியில் பார்த்தபோது எனக்கு அந்தத் தம்பி நினைப்புத்தான்.

தெற்கே என்ன நடந்தது என்பதை நம் ஆட்கள் பேசுவதே இல்லை. இந்தியப் படை வந்துவிட்டது என்ற ஆத்திரத்தை வைத்தே ஜே.வி.பி. சிங்கள இளைஞர்களைத் திரட்டியது. அந்தக் கிளர்ச்சியிலும் அதை நசுக்கியதிலும் பல்லாயிரம் பேர் செத்தார்கள். புதிதாக வந்த ஜனாதிபதி பிரேமதாசா 1989 ஜூன் மாதம் இந்தியப் படையை வெளியேறச் சொன்னார். சொன்னதோடு விடவில்லை, புலிகளுக்கே ஆயுதமும் கொடுத்தார். நேற்றுவரை புலிகளோடு சண்டை போட்ட அரசு, தான் கூப்பிட்ட படையைச் சுடுவதற்குப் புலிகளுக்குக் கொடுத்த ஆயுதம் அது. 1990 ஜூனில் அவர்களுக்குள் மறுபடி சண்டை மூண்டது. 1993 மே தினத்தில் பிரேமதாசா தற்கொலைக் குண்டுக்கு இரையானார்.

வாட்ச்மேன் கப்பலில் சென்னை வந்து இறங்கியபோது முதலமைச்சர் கருணாநிதி வரவேற்கப் போகவில்லை. தமிழர்களைக் கொன்ற படையை எப்படி வரவேற்பேன் என்பது அவர் நிலை. அந்த வாதத்தில் நியாயம் இருந்தது. ஆனால் அந்த நியாயம் போய் விழுந்த இடம், உத்தரவு போட்டவர்கள் தலையில் அல்ல, உத்தரவுக்குப் போய்வந்தவர்கள் தலையில். பரம்வீர் சக்ரா வாங்கிய மேஜர் ராமசாமி பரமேஸ்வரனும் தமிழர்தான், 1987 நவம்பர் 25-ல் அங்கே செத்தார்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் தமிழ்நாட்டு மண்ணில். 1990 ஜூனுக்குப் பின் ஒரு வருஷத்துக்குள் ஒரு லட்சம் பேருக்கு மேல் படகேறி ராமேஸ்வரம் வந்தார்கள். அந்த அம்மா அதில் ஒருவர், மண்டபம் முகாமில் பதிந்து எங்கள் பக்கம் அனுப்பப்பட்டவர். ஜூன் 19-ல் ஈ.பி.ஆர்.எல்.எஃப். தலைவர் பத்மநாபாவும் தோழர்களும் சென்னை கோடம்பாக்கத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். 1991 ஜனவரியில் தி.மு.க. ஆட்சி கலைக்கப்பட்டது. மே 21-ல் ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் கொல்லப்பட்டார். அன்று ராத்திரி முதல் முகாம்வாசிகள் சந்தேக ஆசாமிகள் ஆனார்கள். வீடு கொடுத்தவர்கள் காலி செய்யச் சொன்னார்கள், கியூ பிராஞ்ச் போலீஸ் முகாமில் ஆள் கணக்கெடுப்பதைக் கடுமையாக்கியது, அடுத்த வருஷம் பலரைத் திருப்பி அனுப்பினார்கள்.

அப்படியானால் எந்தக் காலத்திலும் எங்கேயும் படை போகவே கூடாதா? நான் அப்படிச் சொல்லமாட்டேன். 1971-ல் நாம் வங்கதேசத்துக்குப் போனோம். அங்கே 1970 தேர்தலில் ஜெயித்த தலைவர் ஒருவர் இருந்தார், அவர் பின்னால் ஜனங்கள் இருந்தார்கள், கிட்டத்தட்ட ஒரு கோடி அகதிகள் இந்தியாவுக்குள் வந்திருந்தார்கள், எதிரி யார் என்பதில் சிப்பாய்க்குக்கூடக் குழப்பமில்லை. டிசம்பர் 3-ல் தொடங்கி 16-ல் முடிந்தது. 1972 மார்ச்சுக்குள் நம் படை ஊர் திரும்பிவிட்டது. அதிலும் செத்தவர்கள் உண்டு, மூவாயிரத்துக்கும் மேல். மாலத்தீவுக்கு 1988 நவம்பரில் போனது அதைவிடச் சின்ன வேலை. இந்த இரண்டையும் காட்டித்தான் இலங்கைக்கு அனுப்பியது சரி என்பார்கள். இலங்கையில் இந்த ஏற்பாடு எதுவும் இல்லை. இரண்டு தரப்புக்கும் நடுவே போய் நின்று, இரண்டு தரப்புக்கும் எதிரியானது நம் படை.

டெல்லி அதை மறக்கவில்லை. 2000-ல் புலிகள் ஆனையிறவைப் பிடித்து யாழ்ப்பாணத்தில் இலங்கைப் படை சிக்கியபோது கொழும்பு உதவி கேட்டது. படை அனுப்ப முடியாது என்றது வாஜ்பாய் அரசு. எங்கள் சிவகாசி தொகுதி எம்.பி. வைகோ அப்போது அந்தக் கூட்டணியில் இருந்தார். 1989-ல் நம் படை அங்கே இருக்கும்போதே ரகசியமாகப் படகில் போய்ப் பிரபாகரனைப் பார்த்துவந்தவர் அவர். 2003-ல் ஈராக்குக்குப் படை கேட்டது அமெரிக்கா. ஐ.நா. ஆணை இல்லாமல் வரமாட்டோம் என்று ஜூலை மாதம் பதில் போனது. போயிருந்தால் எங்கள் பக்கத்து எத்தனை பையன்கள் பாக்தாத்தில் கேட் காவல் நின்றிருப்பார்களோ.

வரவுப் பக்கம் ஒன்றுமே இல்லையா? உண்டு. ஒப்பந்தத்தின் பேரில் 1987 நவம்பரில் இலங்கை அரசியல் சட்டத்தில் 13-வது திருத்தம் வந்தது. மாகாண சபைகள் பிறந்தன. நிலமும் போலீசும் மாகாணத்துக்கு என்று எழுதிவைத்தார்கள், கையில் கொடுக்கவில்லை. வடக்கையும் கிழக்கையும் இணைத்தது செல்லாது என்று 2006-ல் அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வட மாகாண சபைக்குக் கடைசியாகத் தேர்தல் நடந்தது 2013-ல். ஆனாலும் டெல்லி கொழும்பிடம் கேட்டுவந்தது 13-வது திருத்தத்தைத்தான். கையில் பிடித்துக் கேட்க வேறு காகிதம் இல்லை.

முகாம்களின் பெயர் 2021-ல் மறுவாழ்வு முகாம் என்று மாறியது. தமிழக அரசு 317 கோடி ரூபாயில் 7,469 வீடுகள் உட்படத் திட்டம் அறிவித்தது. ஓட்டைத் தகரம் கான்கிரீட் ஆவது பெரிய விஷயம்தான், குறை சொல்ல மாட்டேன். குடியுரிமை மட்டும் வரவில்லை. 2019 திருத்தச் சட்டத்தில் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் மூன்றும் இருக்கிறது, இலங்கை இல்லை. இந்திய மண்ணில் பிறந்தாலே குடிமகன் என்ற விதி 1987 ஜூலை 1-க்கு முன் பிறந்தவர்களோடு நின்றுவிட்டது. ஒப்பந்தம் அதற்கு நாலு வாரம் கழித்து. அந்த அம்மாவின் மகள் பிறந்தது விருதுநகர் அரசு ஆஸ்பத்திரியில், 1990-களில், படித்தது சிவகாசியில், பேசுவது எங்கள் தமிழ். சட்டத்துக்கு இலங்கைக்காரி.

2009 மே 16-ல் ஓட்டு எண்ணினார்கள். முள்ளிவாய்க்காலில் போர் முடிவதற்கு இரண்டு நாள் முன்பு. விருதுநகர் தொகுதியில் ஈழத்தையே பேசிய வைகோ தோற்றார், காங்கிரஸ்காரர் மாணிக்கம் தாகூர் ஜெயித்தார். 2024-ல் அதே தாகூரை எதிர்த்து நின்றவர் விஜயகாந்த் தன் அபிமானத்தால் பிரபாகரன் பெயர் வைத்த மகன், விஜய பிரபாகரன். நாலாயிரத்துச் சொச்சம் ஓட்டில் தோற்றார். இரண்டு தேர்தலிலும் மைக் கட்டிய ஜீப் முகாம் வாசல்வரை வந்தது. அந்த அம்மாவிடம் யாருக்கு ஓட்டு என்று பக்கத்தில் பின்னிக்கொண்டிருந்த பிள்ளை விளையாட்டாகக் கேட்டாள். “எங்களுக்குத்தான் பேர் இல்லையே. நீங்கள் போட்டிட்டு வாங்கோ, நான் உங்கட சரத்தையும் சேத்துப் பின்னுறன்” என்றார். தேர்தலன்று ஆபீஸுக்கு லீவு என்பது அவருக்கு மறந்துபோயிருந்தது.